பாரசீகச் சுரங்கங்களும் ராய்ட்டர் குத்தகையும்: கேள்வி பதில்

ஈரான் எண்ணெயின் கதையைச் சொல்லும்போது, ராய்ட்டர் குத்தகையை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். பாரசீகம் (இன்றைய ஈரான்) மன்னர் நாசிருத்தீன் ஷா, நாட்டின் ரயில், சுரங்க உரிமைகளை ராய்ட்டர் என்பவருக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அது; 1872-இல் கையெழுத்தாகி 1873-இல் ரத்தானது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, ராய்ட்டர் என்றால் செய்தி நிறுவனத்து ராய்ட்டரா? அவருக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

அவரேதான். ஜூலியஸ் ராய்ட்டர், 1816-இல் ஜெர்மனியின் காஸல் நகரில் பிறந்தவர். ஆகனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே தந்திக் கம்பி இல்லாத தூரத்தைப் புறா விட்டுக் கடந்து பங்குச் சந்தை விலைகளை அனுப்பியவர். 1851-இல் லண்டனில் அலுவலகம் திறந்தார், பிறகு பிரிட்டிஷ் குடிமகனானார், 1871-இல் ஒரு ஜெர்மன் சிற்றரசரிடம் பரோன் பட்டமும் வாங்கினார். சுரங்கம் தோண்டியோ தண்டவாளம் போட்டோ அவருக்குப் பழக்கம் கிடையாது. உரிமையை முதலில் கையில் வாங்கிக்கொண்டு, அதை வைத்து லண்டனில் கம்பெனி ஆரம்பித்துப் பங்கு விற்றுப் பணம் திரட்டலாம் என்பதுதான் கணக்கு. அந்தக் காலத்தில் குத்தகை தேடி அலைந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான்.

கேள்வி: அப்படி என்னதான் எழுதிக் கொடுத்தார் ஷா?

1872 ஜூலை 25 தேதியிட்ட பத்திரம். எடுத்துப் படித்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். காஸ்பியன் கடலிலிருந்து பாரசீக வளைகுடா வரை ரயில் போடும் தனி உரிமை. டிராம் வண்டிக்கும் தனி உரிமை. தங்கம், வெள்ளி, ரத்தினக் கற்கள் நீங்கலாக நிலக்கரி, இரும்பு, செம்பு, ஈயம், பெட்ரோலியம் என்று நாட்டின் சுரங்கங்கள் அத்தனையும் 70 வருஷத்துக்கு. அரசுக் காடுகள், கால்வாய், அணைக்கட்டு. சுங்க வசூல் 25 வருஷம். இனிமேல் வங்கி திறப்பதென்றாலும் முதல் உரிமை அவருக்கு. வேலைக்கு வேண்டிய அரசு நிலம் இலவசம்.

பதிலுக்கு ஷாவுக்கு ரயிலின் நிகர லாபத்தில் 20 சதவீதம், மற்றவற்றில் 15 சதவீதம். அதாவது லாபம் வந்தால்தான்! ராய்ட்டர் உடனே கட்ட வேண்டியிருந்தது 40,000 பவுண்டு ஜாமீன் தொகை மட்டும்.

ஒரு ராஜ்யத்தின் தொழில் வளம் முழுவதையும் அந்நியன் கையில் இப்படி மொத்தமாகக் கொடுத்தது கனவிலும் கண்டிராதது என்ற பொருளில் எழுதியவர் கர்சன். ஆமாம், பின்னாளில் நம் ஊருக்கு வைஸ்ராயாக வந்த அதே கர்சன். ஏகாதிபத்தியத்தில் அவ்வளவு ஊறிய மனிதருக்கே அது தாங்கவில்லை.

கேள்வி: ஷா முட்டாளா, இல்லை லஞ்சம் வாங்கினாரா?

லஞ்சம் கைமாறியது உண்மை. அரசவையில் பெரிய தலைகள் பலர் வாங்கினார்கள். ஆனால் அதோடு கதையை முடித்துவிட்டால் பாதிதான் புரியும். 1813-லும் 1828-லும் ரஷ்யாவிடம் தோற்று காகசஸ் பக்கத்து நிலம் போயிற்று. 1856-57-இல் பிரிட்டனோடு சண்டை போட்டு அதிலும் தோல்வி. போதாததற்கு 1870 தொடங்கி இரண்டு வருஷம் கொடும் பஞ்சம். சாலை இல்லாததால் தானியம் இருந்த இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போகவில்லை, ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். இதையெல்லாம் பார்த்த தலைமை அமைச்சர் மிர்ஸா ஹுசைன் கான், ரயில் வந்தால்தான் நாடு பிழைக்கும் என்று நம்பினார். பிரிட்டிஷ் முதலீடு உள்ளே வந்துவிட்டால், ரஷ்யா கை வைக்கும்போது பிரிட்டன் ஓடி வரும் என்பது இன்னொரு கணக்கு. அந்தக் கவலை நியாயமானது. அதற்காகப் போட்ட விலைதான் அநியாயம்.

கேள்வி: ரத்தானது மக்கள் எதிர்ப்பாலா, ரஷ்யாவாலா?

இரண்டும் சேர்ந்துதான். 1873-இல் நாசிருத்தீன் ஷா ஐரோப்பியப் பயணம் கிளம்பினார். முதலில் ரஷ்யா. பீட்டர்ஸ்பர்க்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரி, லண்டனிலாவது தட்டிக் கொடுப்பார்கள் என்று போனால் அங்கேயும் குத்தகை விஷயத்தில் உற்சாகம் இல்லை. வெளியுறவு அமைச்சர் கிரான்வில், ராய்ட்டருக்கு அரசுப் பாதுகாப்புத் தருவதாக ஒப்புக்கொள்ளவே இல்லை.

இதற்கிடையே ஊரில் நெருப்பு பற்றிவிட்டது. டெஹ்ரானின் பெரிய மார்க்க அறிஞர் முல்லா அலி கனி எதிர்ப்பின் முன்னால் நின்றார். அரண்மனைக்குள்ளேயும் ஒரு கோபம் காத்திருந்தது. ஷாவின் பிரிய மனைவி அனீஸ் அல்-தௌலா பயணத்தில் கூடவே போனவர். மாஸ்கோவிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குக் காரணம் தலைமை அமைச்சர்தான் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. இளவரசர்கள், பதவி இழந்தவர்கள், முல்லாக்கள் எல்லோரும் ஓரணி ஆனார்கள். செப்டம்பரில் காஸ்பியன் கரையில் அன்சலி துறைமுகத்தில் ஷா கப்பலை விட்டு இறங்குகிறார். டெஹ்ரானிலிருந்து வந்த கோரிக்கை ஒன்றுதான்: அந்த அமைச்சர் தலைநகருக்குள் கால் வைக்கக் கூடாது. ஷா வேறு வழியில்லாமல் அவரைப் பதவி நீக்கி அங்கேயே விட்டுவிட்டு டெஹ்ரான் போனார். கொஞ்ச நாளில் அவரையே வெளியுறவுப் பொறுப்புக்கு அழைத்துக்கொண்டார் என்பது வேறு கதை. நவம்பரில் குத்தகை ரத்து.

கேள்வி: 15 மாதத்தில் வேலை தொடங்கவில்லை என்று சொல்லி ரத்து செய்ததாகப் படித்தேன். அது நிஜமா, சாக்கா அண்ணா?

சாக்கு என்றே நான் நினைக்கிறேன் தம்பி. பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது உண்மை. 15 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் ஜாமீன் தொகை பறிபோகும். கெடு 1873 அக்டோபர் கடைசியில் முடிகிறது. ஆனால் ராய்ட்டரின் என்ஜினீயர்கள் அதற்கு முன்பே காஸ்பியன் கரைக்கு அருகிலுள்ள ரஷ்த் ஊர்ப் பக்கம் வந்து இறங்கி, பாதைக்கு மண் வேலை ஆரம்பித்திருந்தார்கள். 'மண்வெட்டி விழுந்தாயிற்று, வேலை தொடங்கியாயிற்று' என்றார் ராய்ட்டர். 'நாலு கூடை மண் அள்ளினால் ரயில் வேலை ஆகிவிடுமா?' என்பது பாரசீகத்தின் நிலை. வேலை தொடங்குவது என்றால் எது என்று பத்திரத்தில் தெளிவாக எழுதாததால் வந்த வினை இது. இப்படிச் சந்தேகத்துக்கு இடம் வைத்து ரத்து செய்ததால்தான் பின்னால் அவ்வளவு சிக்கலும் வந்தது.

கேள்வி: அவர் கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?

எந்த கோர்ட்டுக்கு? இன்னொரு நாட்டு அரசின் மேல் தனி மனிதர் வழக்குப் போட அன்றைக்குச் சர்வதேச நீதிமன்றம் எதுவும் கிடையாது. தன் சொந்த அரசிடம் போய் 'என் சார்பில் கேளுங்கள்' என்று மன்றாட வேண்டும். அரசு மனசு வைத்தால் அது ராஜதந்திரத் தகராறாக மாறும், வைக்காவிட்டால் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான். பிரிட்டன் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்தது. அது அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி: ரத்து செய்தாகிவிட்டது, பணமும் கொடுக்கவில்லை. அப்படியென்றால் பாரசீகத்துக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எல்லோரும் 1873-உடன் கதையை முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குத்தகை உயிரோடு இருந்தபோது பிரிட்டன் அதைச் சீந்தவில்லை. செத்த பிறகு கையில் எடுத்துக்கொண்டது. 1874-இல் ஃபால்கென்ஹாகன் என்ற ஓய்வுபெற்ற ரஷ்ய என்ஜினீயர் தளபதி, ரஷ்ய எல்லையிலுள்ள ஜுல்ஃபாவிலிருந்து பாரசீகத்தின் தப்ரீஸ் நகர் வரை ரயில் போட உரிமை கேட்டார். அவருக்குப் பின்னால் ரஷ்ய அரசே நின்றது. உடனே பிரிட்டிஷ் தூதரகம் எழுந்து, 'ராய்ட்டருக்குப் பதில் சொல்லாமல் அதே உரிமையை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பீர்கள்?' என்று கேட்டது. ராய்ட்டர்மேல் பாசம் பொங்கியதால் அல்ல. இந்தியாவை நோக்கி ரஷ்ய ரயில் ஒரு அடிகூட நகரக் கூடாது என்பதே நோக்கம்.

நம் ஊரில் தாவாவில் கிடக்கும் நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். வேலி சாய்ந்திருக்கும், கருவேலம் மண்டியிருக்கும். உரிமை கொண்டாடுகிறவரும் உழ மாட்டார், வாங்கவும் யாரும் வர மாட்டார்கள். பாரசீகத்தின் சுரங்கமும் ரயிலும் 16 வருஷம் அப்படித்தான் கிடந்தன. ஜாமீன் தொகை 40,000 பவுண்டு யாருக்குச் சேரும் என்பதும் தீரவில்லை. ரத்து செய்ய ஒரு நாள் போதுமானதாக இருந்தது, வில்லங்கம் நீங்க 1889 ஆகிவிட்டது.

கேள்வி: 1889-இல் எப்படித் தீர்ந்தது?

ட்ரம்மண்ட் வுல்ஃப் பிரிட்டிஷ் தூதராக 1888-இல் டெஹ்ரான் வந்தார். கெட்டிக்காரர். ராய்ட்டரின் மகன் ஜார்ஜும் பேச்சுவார்த்தைக்கு வந்தார். 1889 ஜனவரி 30-இல் புதுப் பத்திரம்: பழையதை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, பாரசீக இம்பீரியல் வங்கி தொடங்க 60 வருஷ உரிமை, நோட்டு அச்சடிக்கும் ஏகபோகம், கூடவே சுரங்க உரிமை. கவனியுங்கள், முன் வாசலில் துரத்திய சுரங்கம் பின் வாசல் வழியாக வந்துவிட்டது. ரஷ்யா சும்மா இருக்குமா? 1890-இல் பத்து வருஷத்துக்கு யாருக்கும் ரயில் உரிமை தரக் கூடாது என்று ஷாவிடம் எழுதி வாங்கிக்கொண்டது.

கேள்வி: அந்தச் சுரங்க உரிமையில் எண்ணெய் கிடைத்ததா?

இல்லை. வங்கி அதைத் தனிக் கம்பெனிக்கு மாற்றியது. தலேகியிலும் கெஷ்ம் தீவிலும் எண்ணெய் தேடித் துளை போட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள். உரிமை காலாவதியானது. 1901-இல் வில்லியம் டார்சி என்ற பிரிட்டிஷ் பணக்காரர் புதிதாக 60 வருஷ எண்ணெய்க் குத்தகை வாங்கினார். ரஷ்யாவுக்குப் பயந்து வடக்கே ஐந்து மாகாணங்களை அதில் சேர்க்கவில்லை. 1908 மே 26-இல் மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டது.

கேள்வி: 1932-இல் அப்போதைய மன்னர் ரெஸா ஷா அந்த டார்சி குத்தகையை ரத்து செய்தாரே, அப்போதும் இதே கதையா?

வேறு மாதிரி. அப்போது ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் இருந்தது, பிரிட்டன் தகராறை அங்கே கொண்டுபோனது. 1933 ஏப்ரலில் புது ஒப்பந்தம். ஆனால் காலக்கெடு 1961-இலிருந்து 1993-க்குத் தள்ளிப்போனது. ரத்து செய்தவருக்கே நஷ்டம் என்பேன். அதைத் தனியாக எழுத வேண்டும்.

கேள்வி: கடைசியாக ஒன்று. காஸ்பியனிலிருந்து வளைகுடாவுக்கு அந்த ரயில் வந்ததா?

வந்தது, 1938-இல். ரெஸா ஷா காலத்தில் சர்க்கரைக்கும் தேயிலைக்கும் வரி போட்டு, வெளிநாட்டுக் கடன் வாங்காமல் கட்டினார்கள். கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர். ஆனால் அது ரஷ்த் வழியாகப் போகவில்லை. ராய்ட்டரின் ஆட்கள் மண் வெட்டிய அந்த ஊர், கஸ்வீன் வழியாக நாட்டின் ரயில் பாதையோடு சேர்ந்தது 2019 மார்ச்சில்.