புத்தகத்துக்குப் பெட்டியில் இடம் விடாதீங்கோ, தங்கச்சி

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். செப்டெம்பரில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துக்குச் சுற்றுச்சூழல் விஞ்ஞான முதுமாணி படிக்க வரும்போது பாடப்புத்தகங்களைக் கொழும்பிலேயே வாங்கிக்கொண்டு வரவேணுமா? நகரத்துக்குள் இருக்கிற பெரிய நூலகத்தை ஸ்காபரோ மாணவர் பாவிக்கலாமா? தமிழ்ப் புத்தகம் ஏதும் கிடைக்குமா? முதலாவதுக்கு வேண்டாம். மற்ற இரண்டுக்கும் ஓம். பெட்டியில் மிஞ்சுகிற நிறைக்கு மிளகாய்த்தூள் கொண்டு வாங்கோ.

ஒவ்வொரு பாடத்துக்கும் குவேர்க்கஸ் என்கிற இணையப் பக்கம் ஒன்று திறப்பார்கள். அதில் நூலக வாசிப்புப் பட்டியல் என்று ஒரு பகுதி இருக்கும். விரிவுரையாளர் கொடுத்த கட்டுரைகளும் அத்தியாயங்களும் அங்கேயே இணைக்கப்பட்டிருக்கும், அழுத்தினால் திறக்கும். முழுப் புத்தகமும் வாசிக்கவேண்டிய பாடத்துக்கு நூலகம் ஒரு பிரதியை 'கோர்ஸ் ரிசேர்வ்' என்று கவுண்டருக்குப் பின்னால் எடுத்து வைக்கும். அதைச் சில மணித்தியாலத்துக்குத்தான் தருவார்கள். பரீட்சைக்கு முதல் வாரம் அந்த ஒரு பிரதிக்கு வகுப்பு முழுக்க வரிசையில் நிற்கும் என்பதால் செப்டெம்பரிலேயே போய்ப் பார்த்து, வேண்டிய அத்தியாயத்தை ஸ்கான் செய்து வையுங்கோ. ஸ்கானர் இலவசம். கனடாப் பதிப்புரிமைச் சட்டத்தின் நியாயமான பயன்பாட்டுக்குப் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கிற அளவு ஒரு அத்தியாயம் அல்லது புத்தகத்தில் 10 வீதம். யாழ்ப்பாணத்துப் போட்டோக்கொப்பிக் கடைப் பழக்கத்தில் முழுப் புத்தகத்தையும் எடுக்கப் பார்க்காதீங்கோ.

மின்னூலில் ஒரு சிக்கல் உண்டு. சில மின்னூல்களை ஒரே நேரத்தில் ஒருவரோ மூன்று பேரோதான் திறக்கலாம் என்ற உரிமத்தோடு நூலகம் வாங்கியிருக்கும். நீங்கள் வாசித்து முடித்து மடிக்கணினியை அப்படியே மூடிவைத்தால், உள்ளே இருக்கிறீர்கள் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். மற்றவருக்குத் திறக்காது. வாசித்து முடிந்தால் வெளியேறுங்கோ. உங்களுக்குத் திறக்கவில்லை என்றாலும் புத்தகம் இல்லை என்று முடிவெடுக்காமல் அரை மணித்தியாலம் பொறுத்து மறுபடி பாருங்கோ.

புதிதாக வருகிறவர்கள் காசை வீணாக்குவது பெரும்பாலும் கட்டுரை தேடுகிறபோதுதான். கூகிளில் தேடி, பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போனால் ஒரு கட்டுரைக்கு 40 டொலர் என்று கேட்கும். ஒரு சதமும் கட்டாதீங்கோ. அநேகமாகப் பல்கலைக்கழகம் அதே சஞ்சிகைக்கு ஏற்கெனவே காசு கட்டியிருக்கும், நீங்கள் யார் என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். கூகிள் ஸ்கொலர் அமைப்புகளுக்குள் 'லைப்ரரி லிங்ஸ்' என்ற இடத்தில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிச் சேர்த்து விடுங்கோ. பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் நூலக இணைப்பு வரும். அதை அழுத்தி, பல்கலைக்கழகம் உங்களுக்குத் தருகிற 'யூரோர் ஐடி' என்கிற உள்நுழைவுப் பெயரால் உள்நுழைந்தால் கட்டுரை திறக்கும். இரண்டாம்கட்டச் சரிபார்ப்பு போனுக்குத்தான் வரும். இங்கே வந்ததும் போனை மாற்றுவதாக இருந்தால், பழைய போன் கையில் இருக்கும்போதே புதியதைப் பதிந்து விடுங்கோ. மாற்றிய பிறகு யோசித்தால் உதவி மேசைக்கு அலைய வேண்டிவரும்.

இன்னொன்று. ஏதாவது மென்பொருளை ஓடவிட்டு நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரே மூச்சில் இறக்காதீங்கோ. பதிப்பகத்தின் கணினி அதைத் திருட்டு என்று எடுத்து, சிலவேளை பல்கலைக்கழகம் முழுவதுக்குமே கதவைச் சாத்திவிடும்.

நூலகத்தில் இல்லாத புத்தகமா? 'இன்ரர்லைப்ரரி லோன்' என்று வேறு பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்துத் தருவார்கள். கட்டுரை என்றால் ஸ்கான் செய்து மின்னஞ்சலில் வரும். புத்தகம் வரக் கிழமைக்கணக்கில் பிடிக்கலாம், ஆகவே ஆய்வுத் தலைப்பு முடிவானதுமே கேட்டு வைக்கவேணும்.

இப்போது பெரிய நூலகம். ஸ்காபரோ வளாகத்துக்கென்று சொந்த நூலகம் இருக்கிறது, தினப்படி வேலைக்கு அது போதும். நீங்கள் கேட்டது சென் ஜோர்ஜ் வளாகத்து றொபாட்ஸ் நூலகம். 1973இல் திறந்த 14 மாடிக் கொங்கிரீற் மலை. தோகை விரிக்காத மயில் மாதிரி இருக்கும் என்பார்கள், சிலருக்கு வான்கோழி. உங்கள் மாணவர் அட்டையே அதற்கும் அட்டை. புத்தக அடுக்குகள் உள்ள மேல்மாடிகளுக்குப் போக அதைத் தட்டவேணும், வீட்டில் விட்டுவிட்டுப் போனால் கீழேயே இருந்து படித்துவிட்டு வரவேண்டியதுதான். குழந்தையோடு படிக்க வருகிறவர்களுக்கு றொபாட்ஸில் தனி அறை இருக்கிறது. உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் கூட வருகிறவர்களுக்குச் சொல்லுங்கோ, அநேகம் பேருக்குத் தெரியாது.

ஆனால் ஒரு புத்தகத்துக்காக அவ்வளவு தூரம் போகாதீங்கோ. ஸ்காபரோ ஆர்ரி ரயில் 2023 ஜூலையோடு நின்றுபோனது. வளாகத்திலிருந்து 905 பஸ்ஸில் கென்னடி, அங்கிருந்து சப்வேயில் சென் ஜோர்ஜ் ஸ்ரேசன் என்று ஒரு வழிக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். நூலகப் பட்டியலில் அந்தப் புத்தகத்தைத் திறந்து, உள்நுழைந்து, 'றிக்குவெஸ்ற்' அழுத்தி, எடுக்கும் இடமாக ஸ்காபரோவைத் தெரிவு செய்தால் புத்தகம் உங்களிடம் வரும். பட்டியலில் 'டவுன்ஸ்வியூ' என்று காட்டினால் அது வாசகர் போகிற நூலகம் இல்லை, அடர்த்தியாக அடுக்கி வைத்திருக்கிற களஞ்சியம். போய் நின்று தேட ஏலாது, இதே மாதிரி வரவழைக்கத்தான் வேணும். புத்தகம் வந்த செய்தியும், இன்னொருவர் கேட்பதால் முன்கூட்டியே திருப்பித் தரச்சொல்கிற 'றீகோல்' அறிவித்தலும் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குத்தான் வரும். அதைப் பாராமல் சொந்த ஜீமெயிலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள்தான் கடைசியில் கணக்கு முடக்கப்பட்டு நிற்பார்கள்.

அடுக்கில் தேடும்போது எண் வாசிக்கிற முறை தெரியவேணும். இங்கே எண்ணை மட்டும் வைத்து அடுக்குகிற தூயி முறை இல்லை, எழுத்தும் எண்ணும் சேர்ந்த அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாடு. சுற்றுச்சூழல் விஞ்ஞானம் 'ஜிஇ' என்று தொடங்கும். புத்தக முதுகில் 'ஜிஇ 105, .பி35, 2019' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். 105ஐ முழு எண்ணாக வாசியுங்கோ. அடுத்த வரியில் புள்ளிக்குப் பிறகு வருவது தசமம். ஆகவே .பி35 முதலில், .பி4 அதற்குப் பிறகு. 35 பெரிது, 4 சின்னது என்று நினைத்து இடப்பக்கம் தேடுகிறவர்களுக்குப் புத்தகம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் அகப்படாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் நூலகம் நடத்துகிற நிகழ்வுகளைப் பற்றியும் ஒரு வரி. செப்டெம்பர் சுற்றிக்காட்டலைத் தவறவிட்டால் பெரிய நட்டமில்லை. மேற்கோள் மேலாண்மைக்கான சொற்றேரோ பயிற்சியைத் தவறவிடாதீங்கோ. மென்பொருள் இலவசம், அதன் இணையச் சேமிப்பு 300 மெகாபைற் வரை இலவசம். வரைபடத் தரவு, புள்ளிவிபரம், அதற்கான 'ஆர்' நிரல்மொழி என்று வேறு பட்டறைகளும் நடக்கும், உங்கள் துறைக்கு வரைபடம் கட்டாயம் உதவும். பரீட்சைக் காலத்தில் நாய்க்குட்டிகளைக் கூட்டிவந்து தடவ விடுவார்கள். நாய்க்குப் பயமென்றால் வேறு மாடியில் இருந்து படியுங்கோ.

எல்லாவற்றிலும் பயனுள்ளது உங்கள் துறைக்கென்று இருக்கிற 'லையசன்' நூலகர். ஊரில் நூலகர் என்றால் சத்தம் போடாதே என்று சொல்கிறவர், இங்கே ஆய்வுக்குத் தேடல் திட்டம் போட்டுத் தருவது அவருடைய வேலை. நூலகத் தளத்தில் நேரம் பதிந்து, தலைப்பை இரண்டு வரியில் எழுதி, இதுவரை தேடிய சொற்களையும் அனுப்பிவிட்டுப் போங்கோ. வெறுங்கையோடு போய் 'காலநிலை மாற்றம் பற்றி ஏதாவது' என்று கேட்டால் நேரம் முழுக்கத் தலைப்பைச் சுருக்குவதிலேயே போய்விடும். இப்படிக் கேட்பது தொந்தரவு என்று எங்கடை பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதைத்தான் நான் கடுமையாகக் குறை சொல்லுவேன். வெளிநாட்டு மாணவர் கட்டுகிற கட்டணத்தில் அவருடைய சம்பளமும் இருக்கிறது.

தமிழ்ப் புத்தகத்துக்கு வருவோம். அடுக்கில் தமிழ் இலக்கியம் 'பிஎல் 4758'ஐச் சுற்றி இருக்கும், அது றொபாட்ஸில். பட்டியலில் தேடும்போதுதான் பலர் ஏமாறுவார்கள். அநேகப் பதிவுகள் ஆங்கில எழுத்தில், நூலகர்களுக்கான தனி விதிப்படி இருக்கும். அந்த விதியில் 'ச'வுக்கு எஸ் இல்லை, சி. 'ழ'வுக்கு இசட்-எச் இல்லை, எல். க எப்போதும் கே, த எப்போதும் ரி (T), ஒலி ஜியாகவோ டியெச்சாகவோ மாறினாலும் எழுத்து மாறாது. ஆகவே சங்கம் என்றால் சி-ஏ-என்-கே-ஏ-எம். யாழ்ப்பாணம் என்றால் வை-ஏ-எல்-பி-பி-ஏ-என்-ஏ-எம். மேலே கீழே போடுகிற புள்ளியும் கோடும் தட்டச்சத் தேவையில்லை. சில பதிவுகளில் தமிழ் எழுத்தும் இருக்கிறது, ஆகவே இரண்டு விதமாகவும் தேடுங்கோ. நாங்கள் பேஸ்புக்கில் எழுதுகிற மாதிரி அடித்துவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்று திரும்பாதீங்கோ.

ஸ்காபரோ வளாக நூலகத்தின் எண்ணிமச் சேகரிப்பில் இலங்கைத் தமிழ் அரசியல் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய பத்திரிகைகளும் வேணுமென்றால் 2005இலிருந்து இயங்குகிற, 'நூலகம்' என்றே பெயர் வைத்த இணையத் தளத்திலேயே இலவசமாக வாசிக்கலாம், அதற்கு எந்த அட்டையும் தேவையில்லை.

நாவல், சிறுவர் புத்தகம் என்று பொழுதுபோக்குக்கு வாசிக்க, வந்த முதல் கிழமையே ரொறன்ரோ பொது நூலக அட்டையையும் எடுங்கோ. நகரத்தில் வசிக்கிறவர்களுக்கு இலவசம். பெயரும் முகவரியும் உள்ள கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். 2022இலிருந்து பிந்தினதுக்குத் தண்டப்பணம் இல்லை. தொலைத்தால் மட்டும் விலை கட்டவேணும். மல்வேர்ண், சீடார்பிறே கிளைகளில் தமிழ் அடுக்கு இருக்கிறது. சில கிளைகளில் புதிதாக வந்தவர்களுக்கு வீடு, வேலை, மருத்துவ அட்டை பற்றிச் சொல்லித்தர ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் எந்தக் கிளையில் எந்த நாள் என்று கவுண்டரில் கேளுங்கோ.