ஜிம்மி நெல்சன்: கேள்வி பதில்

கேள்வி: இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஸ்காட்லாந்துக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர்களில் முதலில் யாரைப் பற்றிப் படிக்கலாம்?

பதில்: ஜிம்மி நெல்சன். கிரீனாக்கில் பிறந்து பெல்ஃபாஸ்டில் வளர்ந்தவர். 1927இல் ஆர்சனலை 1-0 என வென்று எஃப்.ஏ. கோப்பையை (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கக் கோப்பை) வாங்கிய வேல்ஸின் கார்டிஃப் அணியின் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர். அந்தக் கோப்பை இங்கிலாந்தை விட்டு வெளியே போனது அந்த ஒரு முறைதான். 1932இல் அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நியூகாசில் கேப்டனாக அதே ஆர்சனலை 2-1 என வென்றார்.

கேள்வி: 1932 இறுதி ஆட்டத்தில் நியூகாசில் அடித்தது கோலே இல்லையாமே?

பதில்: ஆர்சனல் 1-0 என முன்னிலையில் இருந்தது. நியூகாசிலின் ஜிம்மி ரிச்சர்ட்சன் ஆடுகள எல்லைக் கோட்டருகே துரத்திச் சென்று பந்தை உள்ளே திருப்பினார், ஜாக் ஆலன் அடித்தார். ரிச்சர்ட்சன் திருப்பும் முன்பே பந்து அந்தக் கோட்டைக் கடந்து வெளியே போய்விட்டதாகவே படங்கள் காட்டுகின்றன. நடுவர் கோல் கொடுத்தார். படத்தைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சட்டை எண்ணை வைத்து ஆளை அடையாளம் காண முயலாதீர்கள். அன்று எண்களே கிடையாது.

கேள்வி: ஆஃப்சைடு விதி மாறியது அவர் ஆட்டத்தைப் பாதித்திருக்குமா?

பதில்: இதை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். 1925 வரை, பந்து தன்னை நோக்கி அடிக்கப்படும்போது முன்னால் நிற்கும் தாக்குதல் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே கோல்கீப்பரையும் சேர்த்து எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைடு. தடுப்பாட்டக்காரர் ஒருவர் சில அடி முன்னே நகர்ந்தாலே போதும், தாக்குதல் விசிலோடு முடிந்துவிடும். கணக்குத் தவறினாலும் அவருடைய கூட்டாளி பின்னால் இருப்பார். அந்த ஆண்டு மூவர் இருவராகக் குறைக்கப்பட்டார்கள். அதன்பின் முன்னே நகர்ந்து ஏமாந்தால் மிச்சம் கோல்கீப்பர் மட்டுமே. இங்கிலாந்து முதல் டிவிஷனில் 1924-25இல் 1192 கோல்கள். அடுத்த பருவத்தில் 1703! நெல்சனின் இரண்டு கோப்பைகளும் இந்த வெள்ளத்துக்கு நடுவில் கிடைத்தவை. கோல் அடித்தவர்களை மட்டுமே எண்ணுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

கேள்வி: 1932இன் அந்தச் சர்ச்சைக் கோல் இல்லாவிட்டால் கோப்பை ஆர்சனலுக்குத்தானே?

பதில்: அது சமன் செய்த கோல். வென்றது ஆலனின் இரண்டாவது கோலில்.

கேள்வி: அந்த இறுதி ஆட்டத்தில் ஆர்சனலின் அலெக்ஸ் ஜேம்ஸ் காயத்தால் ஆடவில்லை. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமா?

பதில்: சரி, சொல்லிவிட்டேன். அதே ஜேம்ஸ் 1928 மார்ச் 31 அன்று வெம்ப்ளியில் நெல்சனோடு ஒரே அணியில் ஆடினார். ஸ்காட்லாந்து 5, இங்கிலாந்து 1. ஜாக்சன் மூன்று கோல், ஜேம்ஸ் இரண்டு. தொடக்கத்திலேயே நெல்சன் காத்த பக்கத்து இங்கிலாந்து வீரர் பில்லி ஸ்மித் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. அது உள்ளே போயிருந்தால் ஆட்டம் எப்படித் திரும்பியிருக்கும் என்று இத்தனை பேரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். ஸ்காட்லாந்தின் அந்தப் பதினொருவர் மறுபடி ஒன்றாக ஆடவே இல்லை.

கேள்வி: 1932 கோல் பற்றி உங்கள் சொந்தக் கருத்து?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: என்னிடம் உள்ள நியூகாசில் படத்தில் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரருக்கான இரண்டாம் எண்ணைத் தேடுகிறேன். நெல்சன் யார்?

பதில்: எண் கிடையாது என்றேனே! லீகில் எண்கள் வந்தது 1939இல். படத்தின் அடியில் அச்சான பெயர் வரிசையைப் பாருங்கள்.

கேள்வி: கடைசியில் எங்கே ஆடினார்?

பதில்: 1934இல் நியூகாசில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. மறு ஆண்டு அவர் சவுத்எண்ட் யுனைடெடுக்குப் போனார்.