உள்ளகக் குழுவின் விசாரணை ஆவணங்களை நீதிமன்றம் வழியாகப் பெற முடியுமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புப் பிரிவில் பணியாற்றினேன். மேலாளர் மீது நான் கொடுத்த பாலியல் துன்புறுத்தல் புகார் நிரூபிக்கப்படவில்லை என்று உள்ளகப் புகார்க் குழு முடித்துவிட்டது. இரண்டு பக்க முடிவுரை மட்டுமே எனக்குத் தரப்பட்டது. இப்போது சேலம் நீதிமன்றத்தில் நிறுவனத்திடம் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்திருக்கிறேன். சாட்சிகளின் வாக்குமூலங்களைக் கேட்டால், எல்லாம் ரகசியம் என்று மறுக்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அவர்கள் சொல்லும் ரகசியம், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவிலிருந்து வருகிறது. புகாரின் விவரங்களும் தொடர்புடையோரின் அடையாளமும் பொதுமக்களுக்கும் ஊடகங்களுக்கும் போய்ச் சேரக் கூடாது என்பதே அப்பிரிவின் நோக்கம். புகார் கொடுத்த பெண்ணிடமிருந்தும் வழக்கை விசாரிக்கும் நீதிபதியிடமிருந்தும் ஆவணங்களை மறைக்க அது இடம் தரவில்லை. விசாரணை முடிந்த 10 நாட்களுக்குள் அறிக்கையை நிறுவனத்திடம் அளித்து, இரு தரப்பினருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே முழு அறிக்கையைக் கேட்டு, குழுத் தலைவருக்கு இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

வாக்குமூலங்களுக்கும் கூட்டக் குறிப்புகளுக்கும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளையின் (Order XI) கீழ் ஆவணங்களை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தக் கோரும் மனுவை உங்கள் வழக்கறிஞர் தாக்கல் செய்யலாம். விசாரணை தொடர்பான எல்லா ஆவணங்களும் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் மனு தள்ளுபடியாகக்கூடும் என்பதால், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, அது எதை நிரூபிக்க உதவும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். குழுவை அமைத்த ஆணை, உங்கள் புகாருக்கு மேலாளர் தந்த எழுத்துப்பூர்வ பதில், சாட்சிகள் கையொப்பமிட்ட வாக்குமூலங்கள், வருகைப் பதிவுடன் கூடிய கூட்டக் குறிப்புகள், குழுவுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே நடந்த மின்னஞ்சல்கள் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். தலைவர் உட்பட குறைந்தது மூவர் இருந்தால்தான் விசாரணை நடத்தலாம் என்று விதிகள் சொல்வதால், ஒரு சாதாரண வருகைப் பதிவேகூட அந்த விசாரணையின் செல்லுபடியைக் கேள்விக்கு உள்ளாக்கலாம். மின்னஞ்சல்களை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். முடிவு குழுவினுடையதா, நிர்வாகத்தினுடையதா என்பது பெரும்பாலும் அவற்றில்தான் தெரியவரும்.

முறைப்படி விசாரித்தோம் என்று நிறுவனம் தன் எதிருரையில், அதாவது உங்கள் வழக்குக்கு அளித்த எழுத்துப்பூர்வ பதிலில், சொல்லியிருந்தால், அது உங்களுக்கு மிகவும் சாதகமான வாக்கியம். விசாரணையையே தற்காப்பாகக் காட்டிவிட்டு, அதன் ஆவணங்களைத் தர மறுப்பதை எந்த நீதிபதியும் எளிதில் ஏற்கமாட்டார். தரக்கூடிய சான்றைத் தராமல் நிறுத்திவைப்பவருக்கு அது பாதகமானது என்று அனுமானிக்க, 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 119ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. ஆவணங்களை வெளிப்படுத்தவோ பார்வையிடத் தரவோ இட்ட உத்தரவை மீறினால், 11ஆம் கட்டளையின் 21ஆம் விதிப்படி எதிருரையே நீக்கப்படலாம்.

வழக்கறிஞரிடம் நிறுவனம் கேட்டுப் பெற்ற சட்ட ஆலோசனைக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் மனிதவளப் பிரிவு பதிவு செய்த வாக்குமூலம், வழக்கறிஞருக்கும் ஒரு நகல் போனது என்பதாலேயே அந்தப் பாதுகாப்பைப் பெற்றுவிடாது. சந்தேகம் எழுந்தால், ஆவணத்தை நீதிபதி தாமே பார்த்து முடிவு செய்யலாம்.

சாட்சி சொன்னவர்களையும் மறந்துவிடாதீர்கள். ஏற்காடு போன்ற சிற்றூரில் யார் என்ன சொன்னார் என்பது ஒரே நாளில் பரவிவிடும். அவர்கள் இன்னும் அதே விடுதியில் வேலை செய்பவர்கள். எனவே பெயர்களை மறைத்தும் மூடிய உறையிலும் ஆவணங்களை அளிக்கவும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153பி பிரிவின்படி வெளியாரை அனுமதிக்காமல் விசாரிக்கவும் நீங்களே முன்வந்து கேளுங்கள். கிடைத்த நகல்களை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

சிசிடிவி பதிவுகள் நாள்பட்டால் தானாக அழிந்து, அவற்றின் மேல் புதியவை பதிவாகிவிடும். ஆகவே பதிவுகளையும் மின்னஞ்சல்களையும் அழிக்கக் கூடாது என்று வழக்கறிஞர் மூலம் உடனே அறிவிப்பு அனுப்புங்கள். பிறகு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கோரும் சான்றிதழுடன் அவற்றைக் கேட்கலாம்.

குழுவின் பரிந்துரையை எதிர்த்து 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. அது இன்னும் முடியவில்லை என்றால், ஆவணங்கள் வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள். செலவுக்குத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருப்பதால், சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் கேட்டு விண்ணப்பிக்கலாம்.