ஆறாயிரம் வாங்கினால் படம் அவருடையதா?

தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் பாளையங்கோட்டையில் ஸ்ப்ரே ஓவியம் வரைகிறவர். டாட்டூ போடும் நண்பர், ராப் எழுதிப் பாடும் இன்னொருவர் என மூன்று பேர் சேர்ந்து, டவுனில் டி-ஷர்ட் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்கு ஐந்து டிசைனில் ஒரு ஸ்ட்ரீட்வேர் சீரிஸ் செய்து கொடுத்தீர்கள். நான்கு டிசைன் அவர் கேட்டு வரைந்தவை. ஐந்தாவது, போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப் சுவரில் நீங்களாக வரைந்தது: அல்வாச் சட்டியைக் கிண்டும் கை, எழும்புகிற ஆவிக்குள் ஒரு மைக். அண்ணாச்சி 6,000 ரூபாய் அனுப்பி, "விக்கிற ஒவ்வொரு பீஸுக்கும் 15 ரூபா" என்று வாட்ஸ்ஆப்பில் குரல்பதிவும் போட்டார். முதல் லாட் டிசைனுக்கு 20 பீஸ். பணம் சரியாக வந்தது. இப்போது டிசைனுக்கு 100 வீதம் திருப்பூரில் 500 பீஸ் அடித்து இறக்கியிருக்கிறார். உங்கள் டேக் (படத்தில் நீங்கள் போடும் கையெழுத்து அடையாளம்) அழிந்திருக்கிறது. கேட்டால், "அதான் காசு வாங்கியாச்சுல்லா, படம் இனி நம்மளுது" என்கிறார்.

காசு கைமாறியதால் மட்டும் பதிப்புரிமை கைமாறாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். 17(ஆ) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, பணத்துக்காக வரைந்த பெயின்டிங்குக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். அண்ணாச்சியின் வக்கீல் இதைத்தான் பிடிப்பார். நம் பதில் இரண்டு. சட்டம் பெயின்டிங்கையும் டிராயிங்கையும் தனித்தனியாகச் சொல்கிறது. நீங்கள் டேப்லெட்டில் வரைந்தது டிராயிங் என்று வாதாடலாம். அதைவிடப் பலமானது அந்தக் குரல்பதிவு. மொத்தமாக விலைக்கு வாங்கியவர் பீஸுக்குப் பதினைந்து ரூபாய் எதற்குத் தருவார்? முதல் லாட்டுக்குத் தந்தும் இருக்கிறாரே.

சுவர்ப் படத்தின் கதை வேறு. அதை அவர் கேட்டு நீங்கள் வரையவில்லை. அது முழுக்க உங்களுடையது. "ரோட்டில் இருக்கிற படம்தானே" என்ற பேச்சு எடுபடாது. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படம் எடுத்து வெளியிட 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. சுவர் ஓவியம் அந்த விலக்குக்குள் வரவில்லை. சுவர் ஒர்க்‌ஷாப்காரருடையது, படம் உங்களுடையது. (அவரிடம் அனுமதி கேட்டுத்தானே வரைந்தீர்கள்? பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கேட்காமல் வரைந்திருந்தால் அந்தக் கேள்வி முதலில் உங்கள் பக்கம்தான் திரும்பும்.)

இனி வில்லங்கமான 15-ஆம் பிரிவு. டிசைன் சட்டத்தில் பதியக்கூடிய ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ இயந்திரத்தில் 50-க்கு மேல் அடித்துவிட்டால், அந்த வடிவத்துக்குப் பதிப்புரிமை போய்விடும். பெரிய ஆடை வடிவமைப்பு நிறுவனமே 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதில் மாட்டியிருக்கிறது. டி-ஷர்ட்டுக்கென்றே வரைந்த நான்குக்கும் இந்த ஆபத்து உண்டு. சுவரில் தனி ஓவியமாகப் பிறந்ததற்கு வாதம் பலம். ஆனால் "அனுமதி" என்ற சொல்லைக் கவனியுங்கள். 500 பீஸுக்கும் அனுமதி இருந்தது என்று அண்ணாச்சி சொன்னால் அத்தனையும் விற்கும்போது 7,500 ரூபாய் தர வேண்டும் என்று ஆகிறது. இல்லை என்று சொன்னால் அது உரிமை மீறல், 50 கணக்கும் ஓடாது. எந்தப் பக்கம் போனாலும் அவருக்கு முள்தான்.

டேக்கை அழித்ததை நான் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை. 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைத்தவருக்குத் தன் பெயரைக் கோரும் உரிமை உண்டு என்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்து எடுத்த வழக்கில், 2005-இல் உயர் நீதிமன்றம் அதைத் திருப்பித் தரச் சொல்லி, ஐந்து லட்சம் இழப்பீடும் விதித்தது. பணம் கொடுத்துச் செய்வித்த அரசாங்கத்துக்கே அந்தத் தீர்ப்பு. நீங்கள் அனுப்பிய போட்டோவில் சட்டியின் அடியில், டேக் இருந்த இடத்தில் கறுப்புத் திட்டு ஒன்று பின்னணி நிறத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. முதல் லாட் டி-ஷர்ட்டையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தால் சாட்சியே வேண்டாம்.

கடையில் ஒரு டி-ஷர்ட்டைப் பில்லோடு வாங்கி வையுங்கள். குரல்பதிவு இருக்கும் போனை மாற்றவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பிறகு வக்கீல் நோட்டீஸ். திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை உண்டுதான். ஆனால் முதல் வேலையாகப் போலீஸுக்குப் போவதை நான் சொல்ல மாட்டேன். ஊருக்குள் அடுத்த வேலையும் இப்படிப்பட்ட கடைகளிலிருந்துதான் வர வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் செலவில்லாமல் சமரசம் பேச வழி இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் "திருடன்" என்று எழுதிவிடாதீர்கள், அவதூறு வழக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

உங்கள் மூவருக்குள்ளும் எழுத்தில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. கூட்டாகத் தொழில் செய்வதாகக் கருதப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் லாபத்தைச் சமமாகத்தான் பிரிக்கும். ராப் பாடுகிறவருக்குச் சொல்லுங்கள்: டி-ஷர்ட்டின் முதுகில் அடித்த அவருடைய ஒற்றை வரிக்குப் பதிப்புரிமை கேட்பது கஷ்டம்.

அடுத்த சீரிஸுக்கு ஒரு பக்கத் தாள் போதும். எத்தனை பீஸ், எத்தனை வருஷம், எந்த ஊர் வரை, டேக் எங்கே என்று எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்து வருஷம் குறிப்பிடாமல் விட்டால், சட்டமே ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளும். டிசைன் பதிவு செய்வதானால், படத்தை எங்கும் வெளியிடுவதற்கு முன்பே செய்யுங்கள். வெளியே வந்த பிறகு புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடுவார்கள்.

அந்த ஒர்க்‌ஷாப் சுவருக்கு யாராவது வெள்ளையடிப்பதற்குள் போய் நல்ல போட்டோ எடுத்து வையுங்கள், கீழ் மூலையில் டேக் தெளிவாக விழுகிற மாதிரி.