அம்மா அப்பாவை அலாஸ்கா க்ரூஸுக்கு அழைத்துப் போக எது நல்லது: பிரின்சஸா, ஹாலந்து அமெரிக்காவா, நார்வீஜியனா, ராயல் கரீபியனா?

ஊரிலிருந்து வரும் பெற்றோர், கூட எட்டு வயதுப் பையன், சியாட்டிலில் கிளம்பி ஒரு வாரப் பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெற்றோரை இதே பயணத்துக்கு அழைத்துப் போனவன் என்பதால் சொல்கிறேன்: கம்பெனிப் பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கப்பல் கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடாத் தேசியப் பூங்காவுக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களைத்தான் விடுவார்கள். அந்த அனுமதியில் பெரும்பங்கு பிரின்சஸிடமும் ஹாலந்து அமெரிக்காவிடமும் இருக்கிறது. நார்வீஜியனின் சில பயணங்களும் போகும், தேதி பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ராயல் கரீபியன் கப்பல்கள் எண்டிகாட் ஆர்ம் என்ற கடற்கழி, ஹப்பார்ட் பனியாறு பக்கம் போகின்றன. அவையும் அழகுதான். ஆனால் எண்டிகாட் ஆர்ம் குறுகலானது. மிதக்கும் பனிக்கட்டி அதிகமானால் கேப்டன் பாதியிலேயே கப்பலைத் திருப்பிவிடுவார்.

கிளேசியர் பேயில் பூங்காவின் ரேஞ்சர்கள் காலையில் சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறிக்கொள்வார்கள். பகல் முழுக்க மைக்கில் விளக்கம் சொல்வார்கள். 1794-இல் பிரிட்டிஷ் கடற்பயணி வான்கூவரின் குழு வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, வாயில்வரை பனிதான். 1916-க்குள் அந்தப் பனி சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. நாம் கப்பலில் போகும் தண்ணீர் முழுவதும் அப்படித் திறந்த இடம். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த என் அப்பா இதைக் கேட்டதும் ரேஞ்சரை விடவே இல்லை, கேள்வி மேல் கேள்வி. மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பலை நிறுத்தி மெதுவாகச் சுற்றித் திருப்புவார்கள், இரண்டு பக்கத்து அறைக்காரர்களுக்கும் தெரியும். ஆகவே இடது பக்கமா வலது பக்கமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பிரின்சஸா ஹாலந்தா? இரண்டும் கார்னிவல் குழுமத்துடையவைதான். தேதியும் விலையும் எதில் ஒத்துவருகிறதோ அதை எடுங்கள். என் ஓட்டு ஹாலந்துக்கு, ஒரே காரணம் அளவு. யூரோடாம் போன்ற கப்பலில் சுமார் 2,100 பேர்தான். ராயல் கரீபியனின் ஓவேஷனில் 4,000-க்கு மேல். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்கும் தூரமே பெரிய விஷயம். பையனுக்கு ஓவேஷன்தான் பிடிக்கும். கடலுக்கு மேல் 300 அடி உயரம் தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு அதில் இருக்கிறது. ஆனால் இந்தப் பயணம் பெரியவர்களுக்காக என்றால் அவர்கள் பக்கமே நில்லுங்கள். பையன் திமிங்கிலத்தைப் பார்த்தாலே குதிப்பான்.

சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகும், ஆட்டம் இருக்கும். கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து கிளம்பினால் தீவுகளுக்கு நடுவே அமைதியான நீரில் போகலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் என்றால் அங்கே கார் ஓட்டிப் போகும் சிரமம் தகும்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். சைவம் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். அப்புறம் முதல் நாள் இரவே உணவகத்தின் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். மறுநாளுக்குப் பருப்பும் சாதமும் கேட்டால் செய்து தருவார்கள். டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தனியாக வரும், விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் விசா. 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டுக் கொடியுள்ள (அதாவது வெளிநாட்டில் பதிவான) கப்பல் சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பினால் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் பெரும்பாலான கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ள பெற்றோருக்குக் கனடா விசா வேண்டும், அமெரிக்க விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். அவர்கள் ஊரில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், விசா கைக்கு வந்த பிறகு முழுப் பணம் கட்டுங்கள்.