'தி சிட்டி ஆஃப் தி டெட்' எப்படிப்பட்ட படம்? முழுக்க ஏன் அவ்வளவு பனிமூட்டம்?

1960-இல் வெளிவந்த கறுப்பு வெள்ளை பிரிட்டிஷ் திகில் படம். இயக்கம் ஜான் லூவெலின் மாக்ஸி. சூனியத்தைப் பற்றி ஆய்வு செய்யும் கல்லூரி மாணவி, பேராசிரியர் சொன்னதை நம்பி ஒயிட்வுட் என்ற கிராமத்துக்குத் தனியாகப் போகிறாள். 1692-இல் அங்கே எலிசபெத் செல்வின் என்பவளைச் சூனியக்காரி என்று எரித்திருக்கிறார்கள். பேராசிரியராக கிறிஸ்டோபர் லீ. செல்வினாக பட்ரீஷியா ஜெசல். லீ நன்றாகத்தான் செய்கிறார், ஆனாலும் படத்தைத் தாங்குவது ஜெசல்தான்.

கதை நடப்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில். எடுத்ததோ இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில், பெரும்பாலும் பிரிட்டிஷ் நடிகர்களை அமெரிக்க உச்சரிப்பில் பேசவைத்து. பனிமூட்டத்தின் வேலை இங்கேதான். கிராமமே ஒரு செட். வெளிச்சம் தெளிவாக விழுந்தால் சுவர் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். மார்கழி விடியற்காலையில் நாலு வீடுள்ள தெருவும் முடிவில்லாமல் நீள்வதுபோல, புகை அந்த எல்லையை விழுங்கிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் டெஸ்மண்ட் டிக்கின்சன். கல்லறைகளுக்கு நடுவே அங்கி அணிந்த உருவங்கள் நகரும்போது தரை கண்ணுக்குத் தெரியாது. நடக்கிறார்களா, மிதக்கிறார்களா என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 'ஹாரர் ஹோட்டல்' என்ற பெயரில், தொடக்கத்தில் செல்வின் பேசும் சாத்தான் வசனங்களை வெட்டி வெளியிட்டார்கள். கதையின் முடிச்சே அந்த வசனங்களில்தான் இருக்கிறது. அதனால் பழைய பெயருள்ள முழுப் பிரதியையே பாருங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு, 1692-இல் மாசசூசெட்ஸின் சேலம் நகரச் சூனிய வழக்குகளிலும் பெண்களை உயிரோடு எரித்தார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அங்கே யாரையும் எரிக்கவில்லை, 19 பேரைத் தூக்கிலிட்டார்கள்.