செஷன்ஸ் கோர்ட் தூக்கு என்று தீர்ப்பு சொன்ன பிறகு

கேள்வி: என் தம்பிக்குக் கொலை வழக்கில் போன வாரம் செஷன்ஸ் கோர்ட்டில் தூக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு 24 வயது. வழக்கு நடத்திய வக்கீல், "முப்பது நாளுக்குள் அப்பீல் போடாவிட்டால் கதை முடிந்தது" என்று சொல்லி, எங்களால் புரட்டவே முடியாத தொகையைக் கேட்கிறார். ஊரில் சிலர் உடனே ஜனாதிபதிக்குக் கருணை மனு அனுப்பச் சொல்கிறார்கள். எந்த நாள் தூக்கில் போடுவார்களோ என்று அம்மா ராத்திரி தூங்குவதில்லை. இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். செஷன்ஸ் நீதிபதி எழுதிய தூக்குத் தண்டனையை அப்படியே நிறைவேற்ற முடியாது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். நீங்கள் ஒரு தாள்கூடத் தாக்கல் செய்யாவிட்டாலும் செஷன்ஸ் கோர்ட் தானாகவே வழக்குக் கட்டை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 366-வது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 407. சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த வழக்குகளுக்குத் தனி எண் உண்டு. 'ஆர்.டி.' என்று போடுவார்கள், அதாவது ரெஃபர்டு டிரையல். இன்றைய நிலையில் உங்கள் தம்பி தண்டனை உறுதியாகாத கைதி. தூக்குக்கு நாள் குறிக்கும் பேச்சே இப்போது கிடையாது.

வக்கீல் சொன்ன முப்பது நாள் பொய்யில்லை. தூக்குத் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 நாள்தான். ஆனால் அது தாண்டினால் கதை முடிந்தது என்பது சரியில்லை. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம், உயிர் சம்பந்தப்பட்ட வழக்கில் அதை மறுப்பது அரிது. மேல்முறையீடே இல்லாவிட்டாலும் ஆர்.டி. விசாரணை நடந்தே தீரும். அப்படியானால் மேல்முறையீடு எதற்கு என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் கட்டாயம் போட வேண்டும், அதுவும் நாளுக்குள். சாட்சி எங்கே முரண்பட்டது, எந்த ஆவணத்தைக் கோர்ட் கவனிக்காமல் விட்டது என்று உங்கள் தரப்பு வாதம் அதில்தான் பதிவாகும். நீதிபதிகள் ஆர்.டி.யையும் மேல்முறையீட்டையும் சேர்த்தே விசாரித்து ஒரே தீர்ப்பாகச் சொல்வார்கள்.

பணத்துக்காகக் கடன் வாங்கிவிடாதீர்கள். சிறையில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் வைத்துக் கொடுக்க 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வழி செய்கிறது. தம்பி சிறைக் கண்காணிப்பாளரிடம் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். அங்கிருந்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும், உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கும் போகும். மேல்முறையீட்டு மனுவையே சிறை அதிகாரி மூலமாகத் தாக்கல் செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தீர்ப்பு நகலும் அவனுக்கு இலவசம், கையோடு கொடுத்திருக்க வேண்டும். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற பேச்சு ஊரில் உண்டு. சிலர் அப்படி இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் இரவு பகலாகக் கட்டைப் படித்து வாதாடி, தூக்கை ரத்து செய்ய வைத்தவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். திருப்தி இல்லையென்றால் மாற்றித் தரக் கேட்கலாம்.

அப்புறம், உயர் நீதிமன்றம். மற்ற மேல்முறையீடுகளைப் போல, கீழ்க் கோர்ட் தப்பு செய்ததா என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிற வேலை இங்கே இல்லை. தூக்கு வழக்கில் இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து முதல் சாட்சியிலிருந்து கடைசி ஆவணம் வரை தாங்களே படித்து, குற்றம் நிரூபணமானதா என்று புதிதாக முடிவு செய்ய வேண்டும். தேவைப்பட்டால் கூடுதல் சாட்சியம் எடுக்கச் சொல்லலாம். தண்டனையை உறுதி செய்யலாம், குறைக்கலாம், மறு விசாரணைக்கு அனுப்பலாம், விடுதலையும் செய்யலாம். உறுதி செய்தால் அந்த உத்தரவில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் கருத்து வேறுபட்டால் மூன்றாவது நீதிபதியிடம் போகும். உடுமலைப்பேட்டை ஆணவக் கொலை வழக்கை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்து, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. முதல் கோர்ட்டில் சொன்னது அப்படியே கடைசி வரை நிற்கும் என்று யாரும் முடிவுகட்ட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் உங்கள் குடும்பம் மட்டுமே செய்யக்கூடிய வேலை. வக்கீலால் செய்ய முடியாது.

தூக்கு வழக்கில் கேள்வி இரண்டு. இவன் செய்தானா என்பது முதல் கேள்வி. செய்திருந்தால், இவனைக் கொல்வதைத் தவிர வேறு வழியே இல்லையா என்பது இரண்டாவது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது, ஆயுள்தான் விதி, தூக்கு அரிதிலும் அரிதான வழக்குக்கு மட்டும். குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவன் திருந்த வாய்ப்பே இல்லை என்று அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? காலையில் குற்றவாளி என்று தீர்ப்பு, மதியம் "தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்" என்று ஒரு கேள்வி. கூண்டில் நிற்பவன் "வயதான அம்மா இருக்கிறார், குறைந்த தண்டனை கொடுங்கள் ஐயா" என்பான். அவனுடைய மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். இது மாற வேண்டும் என்றுதான் 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்பப் பின்னணி, படிப்பு, மனநிலை, சிறை நடத்தை பற்றியெல்லாம் அறிக்கை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று கீழ்க் கோர்ட்டுகளுக்கு வழிமுறை வகுத்தது. உங்கள் தம்பி வழக்கில் இது நடந்ததா என்று தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் மேல்முறையீட்டில் அதுவே ஒரு வலுவான காரணம்.

ஒரு வழக்கில் கைதியின் அக்கா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். ரேஷன் கார்டு நகல், பழைய மின் கட்டண அட்டை, அவற்றுக்கு நடுவில் அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டுகள் நாலைந்து, மடித்த இடமெல்லாம் கிழிந்து. "சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்தான் சார், அப்புறம் வலிப்பு வரும்" என்றார். மூன்று வருட விசாரணையில் ஒருவரும் அந்தப் பையனிடம் இதைக் கேட்கவில்லை. அவர்களும் சொல்லத் தோன்றாமல் இருந்துவிட்டார்கள். அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் மனநல மருத்துவரின் பரிசோதனை கேட்டு மனு போட்டோம்.

அதனால் வீட்டில் இருக்கும் ஒரு காகிதத்தையும் தூக்கி எறியாதீர்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருத்துவச் சீட்டு, வேலை செய்த இடத்தில் கொடுத்த அடையாள அட்டை, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர், வேலை கொடுத்தவர் யாராவது நாலு வார்த்தை எழுதிக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். அப்பா குடித்துவிட்டு அடித்தார், படிப்பைப் பாதியில் விட்டான் என்பதெல்லாம் வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். தம்பியிடமும் சொல்லுங்கள்: சிறைக்குள் படிப்பு, தொழிற்பயிற்சி எது கிடைத்தாலும் சேரட்டும். இரண்டு வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது அந்தச் சான்றிதழ்கள் பேசும்.

நீங்கள் எழுதாத ஒரு விஷயம்: சம்பவம் நடந்த நாளில் அவன் வயது என்ன? இப்போது 24 என்கிறீர்கள். வழக்கு எத்தனை வருடம் நடந்தது என்று தெரியவில்லை. அன்று 18 முடியவில்லை என்றால் தூக்கு மட்டுமல்ல, ஆயுள்கூட இந்த வழியில் விதிக்க முடியாது. இளைஞர் நீதிச் சட்டப்படி இதை எந்தக் கட்டத்திலும், எல்லா மேல்முறையீடும் முடிந்த பிறகும்கூடக் கிளப்பலாம். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தூக்குத் தண்டனை பெற்று 28 ஆண்டு உள்ளே இருந்த ஒருவரை விடுதலை செய்தது. சம்பவம் நடந்தபோது அவருக்கு 12 வயதுதான் என்று பள்ளிப் பதிவேடு காட்டியது. இன்றைக்கே பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து, தேதியைச் சம்பவ நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தால் அது எப்படிப்பட்ட ஆயுள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 20, 25, 30 ஆண்டு என்று குறித்து, அதுவரை தண்டனைக் குறைப்பே கிடையாது என்று சொல்லும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உண்டு. 14 வருடத்தில் வந்துவிடுவான் என்று அம்மாவிடம் யாராவது சொன்னால் நம்பவிடாதீர்கள்.

ஒருவேளை உயர் நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தால் உச்ச நீதிமன்றம். அவகாசம் 60 நாள். உயர் நீதிமன்றமே ஒரு விடுதலையை மாற்றித் தூக்கு கொடுத்திருந்தால் அங்கே மேல்முறையீடு உரிமையாகவே கிடைக்கும். உங்கள் வழக்கைப் போன்றவற்றில், மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்டு அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவின் கீழ் சிறப்பு அனுமதி மனுதான் போட வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தூக்கு வழக்கை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும், காரணம் எழுதாமல் ஒரே வரியில் தள்ளக் கூடாது என்றும் 2018-ல் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கேயும் தோற்றால் 30 நாளுக்குள் சீராய்வு மனு, அதாவது தன் தீர்ப்பைத் தானே மறுபடி பார்க்கும்படி உச்ச நீதிமன்றத்தையே கேட்பது. மற்ற வழக்குகளில் சீராய்வை நீதிபதிகள் தங்கள் அறையிலேயே பார்த்து முடித்துவிடுவார்கள். தூக்கு வழக்கில் மட்டும் திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்க வேண்டும் என்று 2014-ல் அரசியல் சாசன அமர்வு உத்தரவிட்டது. அந்த வாய்ப்பு எவ்வளவு பெரியது என்பதைத் தர்மபுரி பேருந்து எரிப்பு வழக்கில் பார்த்தோம். 2000 பிப்ரவரியில் மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்துபோன வழக்கு அது. சேலம் கோர்ட், உயர் நீதிமன்றம், 2010-ல் உச்ச நீதிமன்றம் என்று மூன்று இடத்திலும் மூவருக்குத் தூக்கு உறுதியானது. 2016 மார்ச்சில், சீராய்வில்தான் அது ஆயுளாகியது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அன்று என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் தம்பி வழக்கிலும் எதிர்ப்பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது. எந்தக் காரணம் கொண்டும் அவர்கள் வீட்டுப் பக்கம் சமரசம் பேசப் போகாதீர்கள்.

சீராய்விலும் தோற்றால், உச்ச நீதிமன்றத்திடமே கடைசியாகக் கேட்க க்யூரேட்டிவ் மனு என்று ஒன்று உண்டு. அதன் வாசல் மிகக் குறுகல்.

கருணை மனுவுக்கு இப்போது அவசரப்படாதீர்கள். புதிய சட்டத்தின் 472-வது பிரிவுப்படி, உச்ச நீதிமன்றத்தில் தோற்ற செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் கைதியிடம் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு கொடுக்கலாம். முதலில் ஆளுநருக்கு. அவர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. கோர்ட்டில் வழக்கு இருக்கும்போதே அனுப்பினால் பயன் இல்லை. தவிர, கருணை மனு என்றாலே "தப்பு செய்துவிட்டேன், மன்னியுங்கள்" என்ற தொனியில்தான் ஊரில் எழுதித் தருவார்கள். மேல்முறையீட்டில் "நான் செய்யவில்லை" என்று வாதாடும் ஒருவன் கையெழுத்தோடு அப்படி ஒரு தாள் வெளியே திரியக் கூடாது.

குடியரசுத் தலைவர் நிராகரித்த அன்றே தூக்கு என்பதும் இல்லை. அந்தச் செய்தி கைதியிடம் வந்து சேர்ந்த பிறகு குறைந்தது 14 நாள் கொடுக்க வேண்டும், குடும்பத்தைச் சந்திக்க விட வேண்டும் என்று 2014-ல் சத்ருகன் சவுகான் வழக்கில் உத்தரவு இருக்கிறது. காரணமில்லாத நீண்ட தாமதமே தண்டனையைக் குறைக்கப் போதும் என்றதும் அதே தீர்ப்புதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2000-ல் அனுப்பிய கருணை மனுக்கள் 2011-ல்தான் நிராகரிக்கப்பட்டன. அந்தப் பதினோரு வருடத் தாமதத்துக்காகவே 2014 பிப்ரவரியில் மூவரின் தூக்கு ஆயுளானது. அந்த வழக்கில் 1998-ல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் தூக்கு கொடுத்தது 26 பேருக்கு. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்தில் தூக்கு நின்றது நாலு பேருக்குத்தான்.

அடுத்த முறை மனு போட்டுத் தம்பியைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். தீர்ப்பு நகல் கையில் கிடைத்ததா, இலவச வக்கீலுக்கு எழுதிக் கொடுத்தானா, அவனைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறார்களா. தண்டனை இறுதியாகாத கைதியைத் தனிமைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1978-லேயே சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வைத்திருந்தால் அன்றைக்கே வக்கீலிடம் சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப் போங்கள்.